கடல் பத்து நிமிட நடை, ஆனாலும் தண்ணீர்தான் தலையிடி: உப்புத் தண்ணீர் மீன்தொட்டியோடு இரண்டு வருடம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரியும். கடற்கரைக்கு நடந்தால் பத்து நிமிடம். உப்புத் தண்ணீர் மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "உனக்கென்ன, தண்ணி வாசலில கிடக்கு." நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருடமாகத் தொட்டி ஓடுகிறது. பட்ட தலையிடியில் முக்கால்வாசி அந்த வாசல் தண்ணீரால் வந்தது.

தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்பு வரை ஊற்றினால் 190 லீற்றர். கல்லும் மணலும் போக 160 நிற்கும். 40 லீற்றர் சின்னத் தொட்டி வாங்கத்தான் முதலில் போனேன். நல்ல வேளை, கடைக்காரர் தடுத்தார். சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தால் அன்றைக்கே தண்ணீர் கெட்டுவிடும். பெரியதில் யோசிக்க ஒரு நாளாவது கிடைக்கும்.

கல்லுக்கு எங்கே போவது என்று கேட்டபோது, கடலில் பவளக் கல்லைப் பெயர்த்து வரலாம் என்று நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். அது சட்டப்படி குற்றம். காயாங்கேணிப் பவளப் பாறையில் மிஞ்சியிருப்பதையாவது விட்டுவைப்போம் என்று, காய்ந்த கல் 15 கிலோவைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

அப்புறம் ஐந்து வாரம் மீனே இல்லாத தொட்டி. மீன் கழிவில் வருகிற அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் பயமில்லை. இந்தப் பாக்டீரியா கல்லில் குடியேறுவதற்குத் தீனி வேண்டுமே, உரித்த றால் ஒன்றைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் முறைப்பாடு வைத்தார்: "ஆணத்துக்கு வாங்கின றாலை இதுக்குள்ள அழுக விட்டிருக்கான் பாரு." சோதனைக் குழாயில் அமோனியாவின் பச்சை ஏறி இறங்கியது, நைத்திரைற்றின் ஊதா ஏறி இறங்கியது. இரண்டும் பூச்சியத்துக்கு வந்தது 34ஆம் நாள். அதன்பின் கல்லெல்லாம் மண்ணிறப் பாசி படர்ந்தது. பயந்து கழுவ வேண்டாம், மூன்று வாரத்தில் தானாகவே போய்விட்டது.

முதலில் விட்டது தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டு. அடுத்தது மீனின் உடலைச் சுத்தப்படுத்தும் இறால் ஒன்று. ஒரு நாள் காலையில் அது உடல் விறைத்துக் கிடந்தது. கவலையோடு கரண்டியால் தூக்கினால் வெறும் கோது. இறால் கல்லுக்குப் பின்னால் புதுத் தோலோடு நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த இறால் நவம்பரைத் தாண்டவில்லை. பிழை என்னுடையது. மாரி மழை இரண்டு நாள் விட்டிருந்த நேரம், கல்லடிக் கரையிலேயே இரண்டு 20 லீற்றர் கானில் அள்ளி வந்து தண்ணீர் மாற்றினேன். பிளாஸ்டிக் ஊசிமானியில் உப்பு சரியாகத்தான் காட்டியது. ஊசியில் காற்றுக் குமிழி ஒட்டினால் அது உப்பைக் கூட்டிக் காட்டும் என்பது அப்போது தெரியாது. இரவே இறால் போய்விட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. மறுநாள், ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தால் தொட்டியில் 1.022, கானில் மிஞ்சியிருந்த தண்ணீரில் 1.012. இருக்க வேண்டியது 1.025 (நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்த கணக்கு, உப்பு கூடினால் எண்ணும் கூடும்).

ஆழ்கடலுக்குப் போகிற மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "முகத்துவாரம் வெட்டி ஆத்துத் தண்ணி இறங்கிற நேரத்தில கரையில அள்ளினா எப்பிடி மனே? அது கடலில்ல, பாதி வாவி." மழையில் வாவி நிரம்பினால், அதன் வாயை அடைத்திருக்கும் மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலில் விடுவார்கள்; அதைத்தான் சொன்னார். இப்போது மழைக்கு முன்பே, கரையை விட்டு நன்றாக வெளியே அவர் அள்ளித் தருகிறார். துணியில் வடித்து, மூடியுள்ள நீலப் பெரலில் இருட்டில் வைத்து, குமிழி விடுகிற காற்றுக்கல்லை ஓடவிடுகிறேன். தை வரைக்கும் அது போதாவிட்டால் பைக்கற்றில் வருகிற மீன்தொட்டி உப்பு, லீற்றருக்கு 35 கிராம் அளவில். சமையல் உப்பு போட நினைக்கவே வேண்டாம்; அதில் கல்சியமும் மக்னீசியமும் சொல்லும்படியாக இல்லை.

மாரி ஒரு பக்கம் என்றால் வெக்கையான கச்சான் காற்று மறு பக்கம். ஜூலையில் தொட்டி 31 பாகை தொட்டது. குளிரூட்டி வாங்குகிற காசில் இன்னொரு தொட்டி போடலாம். தண்ணீரின் மேலே இரண்டு சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட்டேன், 28க்கு இறங்கியது. ஆனால் நாளுக்கு மூன்று லீற்றர் ஆவியாகப் போகிறது. அதை ஈடுகட்டக் கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. கடையில் விற்கிற, உப்பெல்லாம் வடித்தெடுத்த ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பைப் தண்ணீரில் குளோரின், எங்கள் கிணற்றில் என்னென்ன இருக்கிறதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாமான்களில் காசுக்குப் பழுதில்லாதது, நுரையாக்கிக் கழிவைப் பிரித்தெடுக்கிற புரோட்டீன் ஸ்கிம்மர். இரைச்சல்தான், ஆனால் அதன் கோப்பையில் பிளேன்டீ நிறத்தில் நாற்றத்தோடு சேர்வதைப் பார்த்தால் அது இல்லாமல் மீன் வளர்க்க மனம் வராது. வீண்போனது அந்த ஊசிமானி. பிளக் போர்ட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் மடத்தனம்: உப்பு வெள்ளையாகப் பூத்து ஒரு இரவு பொறி தட்டியது. இப்போது சுவரில் உயரத்தில் இருக்கிறது, வயர்கள் கீழே வளைந்து தொங்கி மேலே ஏறும், சொட்டுகிற தண்ணீர் வளைவிலேயே விழுந்துவிடும். கரண்ட் போனால் தானாக ஓடுகிற பற்றரிக் காற்றுப் பம்பும் உண்டு.

நீல டாம்சல் மீன் ஒன்றும் வாங்கியிருந்தேன், வடிவுக்கு மயங்கி. கோமாளிகளைத் துரத்தித் துரத்திச் செட்டை கிழித்தது. கல்லையெல்லாம் வெளியே எடுத்தால்தான் பிடிபட்டது. கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். இப்போது கோமாளிகளில் பெரியது பெண்ணாகிவிட்டது. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், சோடியில் பெரியது பெண்ணாக மாறும். கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் விரலில் வந்து கொத்துகிறது.