மூன்றே நாளில் மூட்டுவலி மொத்தமாகப் போனால் சந்தேகப்படுங்கள்

மூலிகை மருந்து என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட காப்ஸ்யூலால் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். வருடக்கணக்கில் மூட்டுவலியோடு இருப்பவர்களும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இப்போது அந்த மாதிரி எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், படித்த பயத்தில் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு இருப்பது முடக்குவாதம். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். வயதாகி மூட்டு தேய்வது வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கை விரல்களும் மணிக்கட்டுகளும் ஒன்றுபோல வீங்கிக்கொள்ளும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. பல் துலக்கும் பிரஷ் கையில் நிற்காது, பொத்தான் போட வராது, ஈரத்துணியைப் பிழிய முடியாது. மதியத்துக்கு மேல் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தில் பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். வலியைவிட அந்த வார்த்தை சில நாள் அதிகமாக வலிக்கும்.

மருத்துவர் எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியிருந்தார். அது நோயையே அடக்கிவைக்க, வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார். வலியில் இருப்பவருக்கு 12 வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று இப்படிப் போலி மருந்து விற்கும் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடைவெளியில்தான் வலை வீசுகிறார்கள்.

மூட்டுவலிக்கு மூலிகை மருந்து என்று வந்த விளம்பரத்தில் இருந்த எண்ணில் பேசியவர் மருந்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "காலையில கதவுத் தாழ்ப்பாள் திறக்க முடியுதாம்மா? உட்கார்ந்தா எழுந்திரிக்க யாராவது கை கொடுக்கணுமா? ராத்திரி போர்வை பட்டாலே வலிக்குதா?" என்று வரிசையாகக் கேட்டார். வீட்டில் இருப்பவர்களே கேட்காத கேள்விகள். அப்புறம் "உங்க மகன் மாதிரி சொல்றேன், மூணே நாள்ல வித்தியாசம் தெரியும்" என்றார். வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து ஏதாவது கலந்திருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "ஐயோ, என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, நூறு சதவீதம் மூலிகை" என்று பதில் வந்தது. மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட இன்னொருவரையும் இணைப்பில் கொண்டுவந்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் மூலிகையும் ஒத்துப்போகாது, அதனால் அந்த மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்றார் அவர். தெரிந்தே சொன்ன பொய்கள் இவை. இதில் இரண்டாவது பொய்தான் எனக்குப் பெரிய சேதத்தைச் செய்தது.

வந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. லேபிளில் செடி, வேர் படங்கள், பத்துப் பதினைந்து மூலிகைப் பெயர்கள். எது எத்தனை மில்லிகிராம் என்று எங்கும் இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, உரிம எண் இல்லை. காப்ஸ்யூலைப் பிரித்தால் பழுப்பு நிறப் பொடி, நடுவே வெள்ளையாகச் சிறு துகள்கள். காய்ந்த வேரின் வாசனை நன்றாகவே வந்தது.

சொன்னது போலவே நடந்தது. சில நாளில் விரல் வீக்கம் வடிந்தது. காலையில் தானாகக் கை மடங்கியது. பாட்டில் மூடியை யாரையும் கூப்பிடாமல் நானே திறந்தேன். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன். அந்த நிம்மதி நிஜம். அதனால்தான் இந்த ஏமாற்று இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. நோயாளியின் உடம்பையே சாட்சியாக நிறுத்துகிறார்கள். "எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்பவரிடம் யார் வாதாட முடியும்?

சில வாரங்களில் முகம் உருண்டு வந்தது. பார்த்தவர்கள் உடம்பு தேறியிருக்கிறது என்றார்கள். பசி அடங்கவே இல்லை, இரவில் தூக்கம் வரவில்லை. கையில் லேசாக இடித்தாலும் கன்றிப்போய் நீலமாகத் தேங்கியது. இதற்கு முன் எனக்குச் சர்க்கரை இருந்ததில்லை, சோதித்தால் ஏறியிருந்தது. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. விற்றவரிடம் கேட்டேன். "உள்ள இருக்கிற நச்செல்லாம் வெளியேறுதும்மா, பயப்படாதீங்க, இன்னொரு டப்பா போடுங்க" என்றார்.

அடுத்த டப்பா வரத் தாமதமானது. கையிருப்பு தீர்ந்த கொஞ்ச நாளில் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைச்சுற்றல், கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டுவலி முன்பைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது. மருத்துவமனைக்குத் தூக்கித்தான் போனார்கள்.

அங்கே பார்த்த மருத்துவர் என் முகத்தையும் கையில் இருந்த கன்றல்களையும் பார்த்ததுமே, "மூட்டுவலிக்குத் தனியா ஏதாவது பொடி, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். உடம்பு தானாகவே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று காலை நேரப் பரிசோதனை எடுத்தார்கள். அளவு அடிமட்டத்தில் இருந்தது. மீதமிருந்த காப்ஸ்யூல்களை ஆய்வுக்கு அனுப்பியதில் டெக்ஸாமெத்தாசோனும் டைக்ளோஃபெனாக்கும் இருப்பது தெரிந்தது. முதலாவது வீரியமான ஸ்டீராய்டு. இரண்டாவது சாதாரண வலிநிவாரணி. லேபிளில் இரண்டுக்கும் இடமே இல்லை.

டெக்ஸாமெத்தாசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். பொடியோடு பொடியாக ஒளித்துவைக்க அவ்வளவு சிறிய அளவே போதும். ஸ்டீராய்டு முடக்குவாதத்தை எவ்வளவு வேகமாக அடக்கும் என்பதும் புதிய சேதி இல்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், நடக்கவே சிரமப்பட்ட ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும், இந்த வகை ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முகம் உருள்வது, எலும்பு பலவீனமாவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் வெகு சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, சர்க்கரையையும் அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே தருகிறார்கள். என் கோபம் ஸ்டீராய்டு மேல் இல்லை. மூலிகை மேலும் இல்லை. சொல்லாமல் கலந்து, அளவு தெரியாமல், எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கவைத்தவர்கள் மேல்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்டிசாலைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வந்துகொண்டிருந்தால் அது தன் வேலையைக் குறைத்துக்கொண்டு கடைசியில் தூங்கியே போய்விடும். திடீரென்று வெளிவரத்து நின்றால் உடனே எழுந்து சுரக்க அதற்குத் தெம்பு இருக்காது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில், அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்கு அது மாதக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு முறை அளவைக் குறைக்கும்போதும் வலியும் சோர்வும் ஏறி இறங்கின.

டைக்ளோஃபெனாக்கை இலேசாக நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது, சிறுநீரகத்துக்கும் கெடுதல். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இது எங்கோ ஒருவருக்கு நடந்த கதையும் இல்லை. 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கு விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங் என்ற பொருளில் இதே இரண்டு மருந்துகளும் லேபிளில் சொல்லாமல் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து எச்சரித்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் மரணமும்கூட நேர்ந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. நான் வாங்கியது வேறு பெயர், வேறு ஆட்கள். கலப்படம் மட்டும் அதே ஜோடி.

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. அந்த மாதங்களில் மெத்தோட்ரெக்ஸேட் இல்லாமல் நோய் உள்ளே வேலை பார்த்திருக்கிறது. முடக்குவாதத்தில் ஆரம்ப காலச் சிகிச்சைதான் மூட்டைக் காப்பாற்றும். அரித்துப்போன எலும்பு பழையபடி வருவதில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது முழுதாக நீள்வதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க பத்தியம் இருக்கலை" என்று சொல்லி என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இப்போது மெத்தோட்ரெக்ஸேட் மறுபடி ஓடுகிறது, கூடவே ஃபோலிக் அமிலம், ஒழுங்காக இரத்தப் பரிசோதனை. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வாழ முடிகிறது. காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் இறுக்கம் சீக்கிரம் விடுகிறது. வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் குளிர் ஒத்தடம்தான் சுகம். பிரஷ், கரண்டி, பேனா எல்லாவற்றின் பிடியிலும் பஞ்சு உறை சுற்றித் தடிமனாக்கிவிட்டேன். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் விரல் மூட்டைக் கொல்கிறது. பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுகிறேன், பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்துகிறேன், திருகுக் குழாயை நெம்புகோல் குழாயாக மாற்றியாகிவிட்டது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. முழங்கால் தேய்மானம் இருந்து எடையும் கூடுதலாக இருப்பவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் கிட்டத்தட்ட நான்கு கிலோ குறையும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, நல்ல நாளில் அடங்கி இருப்பது. வலி குறைந்த அன்று எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். துணி மடிப்பதைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகப் பழகிக்கொண்டேன்.

நீங்களோ உங்கள் அம்மா அப்பாவோ பெயர் தெரியாத மூட்டுவலி மருந்து சாப்பிடுகிறீர்களா? முகம் உருண்டிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா, ஒரு வேளை தவறினாலே வலி பாய்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் டப்பாவைத் தூக்கி எறியாமல், அதோடு மருத்துவரிடம் போய் "இதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். மூட்டு மருத்துவர் கிடைக்காவிட்டால் பொது மருத்துவர் போதும். ஏற்கெனவே நிறுத்தியிருந்து வாந்தி, மயக்கம், கடும் சோர்வு இருந்தால் அவசர சிகிச்சைக்கே போங்கள், அங்கும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். உறையையும் ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் பத்திரமாக வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நான் கொடுத்த புகாரில் அவர்கள் முதலில் கேட்டது அவற்றைத்தான்.