கடற்காற்றுக்கு எந்த சாக்கெட் தாங்கும்? சாதா மாடுலர், இரும்புப் பெட்டி, நீல பிளக்: ஒரு அலசல்

நாகர்கோவில் டவுனுக்குள் ஒரு ஹாலில் டிவிக்கும் போன் சார்ஜருக்கும் பாயிண்ட் வைக்க ரொம்ப யோசிக்க வேண்டாம். பிளக், சாக்கெட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1293 முத்திரை உள்ள எந்த நல்ல 6 ஆம்ப் மாடுலர் சாக்கெட்டும் ஓடிவிடும். குழப்பம் வருவது குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி இடங்களில்தான். அங்கே வெளிச்சுவரில் கிணற்று மோட்டாருக்கோ, முற்றத்தில் வெல்டிங் மெஷினுக்கோ லைன் எடுக்கப் போனால் கடையில் மூன்று வழி சொல்வார்கள். ஒன்று, சாதா மாடுலர் சாக்கெட்டை மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுவது. இரண்டு, ஏசிக்கு வைப்பார்களே, எம்சிபியோடு (கரண்டு அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வரும் 20 ஆம்ப் இரும்புப் பெட்டி. மூன்று, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் லைனில் பார்த்திருப்பீர்களே, உருண்டையான நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும்.

நாங்கள் கடலோர வெளிவேலைக்குப் போடுவது மூன்றாவது. முதலில் விலை கொஞ்சம் கூடுதல், வீட்டுச் சாமான் எதுவும் அதில் நேராகச் செருகாது. இருந்தும் அதைச் சொல்லக் காரணம், வெளியே இருக்கும் மூடி இல்லை. உள்ளே பின்னைப் பிடிக்கும் பித்தளை.

எல்லோரும் மழைத் தண்ணீரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தண்ணீர் உள்ளே போனால் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகும், விஷயம் தெரிந்துவிடும். உப்பு அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வரும் உப்புப் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும், துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ துரு ஏறும். களிம்பு பிடித்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். பின்னும் தகடும் தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால் அங்கே ஏறக்குறைய 7.5 வாட் சூடு உண்டாகும். கேட்கச் சின்ன அளவு. ஆனால் அந்தச் சூடு முழுவதும் ஒரு கடலைப்பருப்பு அளவு இடத்தில்தான் இறங்குகிறது. சூடேறினால் தகட்டின் ஸ்பிரிங் தன்மை போகும், பிடி தளரும், தடை இன்னும் ஏறும். இந்தச் சுழல் ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காது. எம்சிபியும் விழாது, ஏனென்றால் கரண்டு கூடவில்லையே. ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் லீக்கேஜ் இல்லை. சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறம் தெரிந்தால் இந்த நோய்தான்.

இந்தக் கணக்கில் முதலில் தோற்பது 6 ஆம்பும் 16 ஆம்பும் ஏற்கும் பொது சாக்கெட். 6 ஆம்ப் பிளக்கின் பின் 5.1 மில்லிமீட்டர் தடிமன், 16 ஆம்ப் பின் 7.1. ஒரே தகடு இரண்டையும் பிடிக்க வேண்டும். தடித்த பின்னைப் போட்டு எடுத்துப் பழகிய தகடு மெல்லிய பின்னை இறுக்கிப் பிடிக்காது. உள்ளறையில் இது பொறுத்துக்கொள்ளக் கூடிய குறை. உப்புக் காற்றில் பொறுக்க முடியாது. எந்த நாட்டு பிளக்கும் ஏற்கும் மல்டி சாக்கெட்டை வெளிச்சுவரில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் எர்த் சரியாகத் தொடுகிறதா என்பதே சந்தேகம்.

மாடுலரையே வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தனி 16 ஆம்ப் சாக்கெட்டாக எடுங்கள். பிளக் செருகிய நிலையிலும் மூடி முழுதாக மூடும் ஆழமான பெட்டி வேண்டும். கடையில் தொங்கும் பாதிப் பெட்டிகளில் பிளக் செருகினால் மூடி திறந்தே நிற்கும். அதை வாங்கிப் பயனில்லை. வயர் கீழ்ப்பக்கமாக உள்ளே போக வேண்டும், அதற்கு முன்னால் வயர் பெட்டியைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவரோடு ஒட்டும் இடத்தில் சிலிக்கான் பூசும்போது மேல்பக்கமும் இடது, வலது பக்கமும் மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லை.

இரும்புப் பெட்டிக்கு வருவோம். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குள் இது நல்ல தேர்வு. இடித்தாலும் உடையாது, எம்சிபி கையோடு இருக்கிறது. கடலோரத்தில் வேண்டாம். பவுடர் கோட்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வயர் நுழைக்கத் தட்டிய ஓட்டையின் விளிம்பிலும் மூடியின் கீலிலும் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். துருவால் அழகு கெடுவது பெரிய விஷயமில்லை. பெட்டி முழுவதும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டிய உலோகம். எர்த் ஸ்க்ரூ துருவில் உட்கார்ந்துவிட்டால், உள்ளே பேஸ் வயர் உரசும் நாளில் அந்தப் பெட்டியைத் தொடுகிறவர்தான் எர்த்.

நீல பிளக்கில் அப்படி உலோக உடம்பு இல்லை. நீலம் என்றால் 200 முதல் 250 வோல்ட். சிவப்பு 3 பேஸுக்கு, இரண்டும் மாறிச் செருகாது. பின் உருண்டை, சாக்கெட்டுக்குள் அதைக் குழாய் மாதிரி சுற்றிலும் பிடிக்கும். நல்ல வகையில் குழாயின் மேல் ஒரு ஸ்பிரிங் வளையமும் இருக்கும். தகடு இரண்டு பக்கம் மட்டும் தொடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நாள்பட நாள்படத் தெரியும். நிக்கல் பூசிய பின்னா என்று கேட்டு வாங்குங்கள். பூசாத மஞ்சள் பித்தளை விலை குறைவு, களிம்பும் சீக்கிரம். வீட்டு மோட்டாருக்கு 16 ஆம்ப் 3 பின் போதும். பெரிய வெல்டிங் மெஷினுக்கு 32.

தண்ணீர்க் கணக்கு இப்படி (ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்): ஐபி 44 என்றால் எந்தப் பக்கம் இருந்து தெறித்தாலும் தாங்கும், சன்ஷேடுக்குக் கீழே அது போதும். ஐபி 67 என்றால் வளையத்தைத் திருகிப் பூட்டிய பிறகு 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 67 என்று இருந்தாலே ஓஸ் பைப்பின் வேகமான பீச்சலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை, அது தனிச் சோதனை. மீன் கழுவும் தளத்தை ஓஸ் வைத்து அடிக்கும் இடமானால் 66, 67 இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது கை வைக்க வேண்டியவை: உறையை உரித்த பிறகு எர்த் வயரை மற்ற இரண்டைவிட 2, 3 சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். இழை வயர் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவுக்குள் செருகுவது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி ஸ்க்ரூ லூசாகும். ‘பின் லக்ஸ்’ (வயர் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்து, இறுக்குங்கள். கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்க வேண்டும், உள் வயரை அல்ல. ஒரு மாதம் ஓடியபின் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூக்களை ஒருமுறை திருகிப் பாருங்கள்; லூசாகியிருந்தால் இறுகும். பிளக்கைக் கழற்றி வைக்கும்போது வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். களிம்பு பிடித்த பின்னை உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். அது நிக்கலையும் சேர்த்து உரித்துவிடும், அடுத்த களிம்பு இன்னும் வேகமாக வரும். தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மூர் வைத்தியம். தூசியைப் பிடித்துப் பிசினாக்குவதைத் தவிர அதில் வேறு பயனில்லை.

நீல பிளக்கின் குறையும் சொல்ல வேண்டும். மோட்டாரில் இருக்கும் 3 பின் டாப்பை (பிளக்கை) வெட்டி நீல டாப் போட வேண்டும். வாரண்டி ஓடும் சாமானில் அப்படி வெட்டினால் சர்வீஸ்காரர் கேள்வி கேட்கலாம், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நீலத்திலிருந்து 3 பின்னுக்கு மாற்றும் குட்டி வயர் செய்து வைத்தால், இவ்வளவு செலவும் அந்த 3 பின் முனையில் வீணாகும். இடத்தை விட்டு நகராத சாமானுக்கு மட்டும் இது.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வேலை செய்யும் இடங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே உப்பு இல்லை, அமோனியா இருக்கிறது. ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். துறைமுகத்து ஐஸ் பிளாண்டிலும் குளிரூட்ட அதையே பயன்படுத்துகிறார்கள். இழுவிசையில் நிற்கும் பித்தளை அமோனியா காற்றில் விரிசல் விட்டு உடையும். சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடு எப்போதும் இழுவிசையில்தான் நிற்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு இரண்டாகப் பிளந்திருக்கும். பாலிகார்பனேட் பெட்டிக்கும் அமோனியா ஆகாது, நைலான் உடம்பு பரவாயில்லை. பாஸ்பர் பிரான்ஸ் தகடு பித்தளையைவிட நாள் தாங்கும். எத்தனை வருஷம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இங்கே சாக்கெட்டைத் தேடி அலைவதைவிட, பால் வைக்கும் அறைக்கு வெளியே நல்ல காற்றோட்டத்தில் பாயிண்ட்டை மாற்றுவதுதான் சரி. ஷீட் உறைய வைக்க ஆசிட் கலக்கும் தொட்டிப் பக்கமும் இதே பேச்சுதான்.

ஜங்ஷன் பாக்ஸை (நீள வயரோடு வரும் எக்ஸ்டென்ஷன் பெட்டி) பொறுத்தவரை சாக்கெட் எண்ணிக்கையைப் பார்க்காமல் வயரைப் பாருங்கள். 1 எச்பி மோட்டார் ஓடும்போது 7 ஆம்ப் எடுத்தாலும் கிளம்பும்போது 35 ஆம்ப் வரை இழுக்கும். 30 மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அந்த நொடியில் ஏறக்குறைய 48 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டார் முனகும், கிளம்பாது, காயில் கருகும். 2.5 போட்டால் இழப்பு 14 வோல்ட் அளவில் நிற்கும். வயரைச் சுருளாக வைத்தபடி ஓட்டாதீர்கள், சூடு வெளியேறாது. நான்கு சாக்கெட் இருந்தாலும் 6 ஆம்ப் பாக்ஸ் மொத்தமாகத் தாங்குவது 1380 வாட்தான். ஒரு அயர்ன்பாக்ஸும் ஒரு மிக்ஸியும் சேர்ந்தாலே எல்லை தாண்டும்.

எதை வைத்தாலும் வெளி லைனுக்கு முன்னால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி தனியாக வையுங்கள். வீடு முழுவதற்கும் ஒன்றே வைத்தால், சாரல் நாளில் வெளி சாக்கெட்டில் ஏறும் ஈரத்துக்கு வீட்டு பிரிட்ஜும் சேர்ந்து அணையும். அடிக்கடி விழுகிறது என்று சலித்து அதை நேர் லைனாக்கிவிடும் எலக்ட்ரீஷியனை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள்.