வியூகத் திட்டமா, தூதரகப் பணியா? அமெரிக்கத் தரைப்படை அதிகாரிக்கான இரு பாதைகள்

அமெரிக்கத் தரைப்படையில் கேப்டனாகச் சில ஆண்டுகள் பணியாற்றியபின், போர்த்திட்டமும் வெளியுறவும் சந்திக்கும் துறைக்கு மாற விரும்புபவர் முன் இரண்டு பாதைகள் உள்ளன: எஃப்.ஏ. 59 எனப்படும், தளபதிகளுக்குத் திட்டம் வகுக்க உதவும் வியூக அதிகாரிப் பணி; எஃப்.ஏ. 48 எனப்படும், தூதரகங்களில் பணியாற்றும் வெளிநாட்டுப் பிராந்திய அதிகாரிப் பணி (எஃப்.ஏ. என்பது தனித்தேர்ச்சித் துறையைக் குறிக்கும் சுருக்கம்). நான் தேர்ந்தெடுத்தது முன்னது. இன்றும் அதையே பரிந்துரைப்பேன். அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் ஒன்றே, உயர்கல்வி வாய்ப்பும் இரண்டிலும் உண்டு என்பதால் அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது, பெற்ற தேர்ச்சியை எப்படிக் காப்பது என்பதுதான். பிராந்திய அதிகாரிக்கு மொழியே மூலதனம். மான்டெரியில் உள்ள பாதுகாப்புத் துறையின் மொழிப் பயிலகத்தில் ஸ்பானியத்துக்கு 36 வாரங்கள், ரஷ்யத்துக்கு 48, அரபுக்கும் சீனத்துக்கும் 64 வாரங்கள் ஆகும். தூதரகத்தில் இருக்கும்வரை அந்த மொழி நாவில் நிற்கும்; பென்டகனுக்கு மாற்றலாகி வந்தபின், பகலெல்லாம் ஆங்கிலத்தில் குறிப்புகள் எழுதிவிட்டு, தேர்ச்சித் தேர்வுக்காக இரவில் அதை மீட்டெடுக்க வேண்டியிருக்கும். வியூக அதிகாரியின் கருவியை அன்றாட வேலையே கூர்தீட்டுகிறது. நோக்கம், வழி, வளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைத்தான் கார்லைலில் உள்ள போர்க் கல்லூரியில் கற்கிறோம். தளபதிக்கான வரைவில் “பிராந்திய நிலைத்தன்மையை உறுதிசெய்தல்” என்று ஒரு வரி வந்தால், எவ்வளவு காலத்துக்கு, எந்தப் படையைக் கொண்டு என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை அதைத் திருத்துவதே எங்கள் வேலை.

ஆனால் வியூக அதிகாரிப் பணிக்கு ஓர் ஆபத்தான குறை உண்டு: நேரில் அறியாத மண்ணுக்கும் திட்டம் வகுக்க நேரும். 1945 ஆகஸ்ட்டில், ஜப்பானியப் படைகளின் சரணடைதலை ஏற்பதற்காகக் கொரியாவை எங்கே பிரிப்பது என்ற பொறுப்பு, டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்ற இரு கர்னல்களிடம் நள்ளிரவு நெருங்கும் வேளையில் வந்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம் ஒன்றைப் பார்த்து, சோல் நகரம் அமெரிக்கப் பகுதிக்குள் அமையும்படி 38-ஆம் அட்சரேகையை அவர்கள் பரிந்துரைத்தார்கள். இருவருமே கொரிய வல்லுநர்கள் அல்லர். அந்த மண்ணில் வாழ்ந்த ஓர் அதிகாரி உடனிருந்திருந்தால், அக்கோடு எந்தச் சாலைகளையும் ஊர்களையும் அறுத்துச் செல்கிறது என்பதையாவது சொல்லியிருப்பார்.

தூதரகப் பணியை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேனே தவிரச் செய்ததில்லை. ஆகவே அதன் நிறைவைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே மொழியோடும் ஒரே பிராந்தியத்தோடும் பணிக்காலம் முழுவதும் வாழ மனம் ஒப்புபவர், நான் சொன்ன பராமரிப்புச் சுமையைச் சுமையாகவே கருதமாட்டார், அவருக்கு எஃப்.ஏ. 48-தான் பொருந்தும்.