நுவரெலியாவில் ஒரு நாள் வேன் சுற்றுலா: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நுவரெலியாவில் தங்கும் விடுதிகள் வழியாக ஏற்பாடாகும் ஒரு நாள் வேன் சுற்றுலாவில், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களைக் குறிவைத்து நடக்கும் ஒரு மோசடியை நேரில் அனுபவித்ததால் இதை எழுதுகிறேன். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் 'உலக முடிவு' என்று அழைக்கப்படும் செங்குத்து மலைவிளிம்பைப் பார்ப்பதற்காகவே கடல் தாண்டிச் சென்ற நானும் நண்பர்களும் அதைப் பார்க்காமலேயே திரும்பினோம். அதற்குக் காரணம் வானிலை அல்ல, எங்களை அழைத்துச் சென்றவர்களின் வியாபாரக் கணக்கு.

விடுதியின் மேலாளர் தமிழர். எங்கள் ஊரை விசாரித்தவர், தம் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்றார். மலையகத்தில் பாதிக் குடும்பங்கள் இப்படிச் சொல்லக்கூடியவைதான் என்பதால் அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. விடியற்காலை ஹோர்ட்டன் சமவெளி, பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஹக்கலைத் தாவரவியல் பூங்கா, சீதா எலிய அம்மன் கோயில், மாலையில் கிரகரி ஏரி என்று பட்டியல் சொல்லி, நுழைவுக் கட்டணம் உட்பட எல்லாம் அடங்கும் என்று ஒரு தொகை கேட்டார். அதை எழுதித் தரும்படி நாங்கள் கேட்டபோது, "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குண்ணே பேப்பர்?" என்று சிரித்துவிட்டு, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

காலை ஐந்து மணிக்கு வர வேண்டிய வேன் ஏழேகால் மணிக்கு வந்தது. வெயில் ஏறினால்தான் பனிமூட்டம் விலகும், ஆகவே தாமதமாகப் போவதுதான் நல்லது என்றார் ஓட்டுநர். உண்மை இதற்கு நேர்மாறானது. பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. உலக முடிவில் தெளிவான காட்சி கிடைப்பது பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணி வரைதான். அதன்பின் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறி விளிம்பை மூடிவிடுகிறது. போகும் வழியில் பட்டிப்பொலை என்ற ஊரில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அந்தக் கடையிலிருந்த பெரியம்மா எங்களைப் பார்த்ததுமே, "இந்நேரம் திரும்பி வர்ற நேரமாச்சே தம்பி, இப்பதான் போறீங்களா?" என்று கேட்டார். ஓட்டுநர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வாயிலை நெருங்கும்போது, நுழைவுக் கட்டணம் ஒப்பந்தத்தில் சேராது, வேனும் எரிபொருளும்தான் சேரும் என்று சொன்ன ஓட்டுநர், வரிசை நீளமாக இருப்பதால் தாமே சீட்டு வாங்கி வருவதாகக் கடவுச்சீட்டுகளையும் பணத்தையும் கேட்டார். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவர் செலுத்துவதைவிடப் பன்மடங்கு அதிகம். அது அரசின் விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தோடு, குழு முழுவதற்கும் ஒரே சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி ஆகியவை தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அவர் அந்தச் சேவைக் கட்டணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வசூலித்திருந்தார். சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. மீதியைக் கேட்டதற்கு மாலையில் கணக்குப் பார்க்கலாம் என்றார். (பைகளைச் சோதித்து பிஸ்கட் உறைகளையும் தண்ணீர்ப் புட்டியின் மேலுறையையும் அகற்றுவது பூங்காவின் பிளாஸ்டிக் தடையால் நடப்பது, அதை ஏமாற்று என்று நினைத்து ஊழியர்களோடு சண்டையிட வேண்டாம்.)

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் அந்த விளிம்பில் நாங்கள் போய் நின்றபோது எதிரே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. பேக்கர் அருவியும் புல்வெளியில் மேய்ந்த கடமான்களும் அழகாக இருந்தன என்பதை மறுக்கவில்லை.

தாமதமாகப் புறப்பட்டதன் உள்நோக்கம் திரும்பும் வழியில்தான் விளங்கியது. நேரமாகிவிட்டது, ஹக்கலை மூடிவிடும் என்று சொல்லி அதையும் கோயிலையும் கழித்துவிட்ட ஓட்டுநருக்கு, ஒரு மூலிகைத் தோட்டத்திலும், இரத்தினக்கல் கடையிலும், 'தொழிற்சாலை' என்று பெயர்ப்பலகை மாட்டிய தேயிலைக் கடையிலும் நிறுத்துவதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. உண்மையான தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், வாட்டுவதற்காகப் பரப்பிய பச்சைக் கொழுந்தின் மணம் மாடியிலிருந்தே வரும். உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று வரிசையாகக் காட்டுவார்கள். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள லபுக்கலைத் தோட்டத்தில் இப்படிக் காட்டுகிறார்கள். இங்கோ சாயம் பூசிய பழைய உருட்டு இயந்திரம் ஒன்று ஓரத்தில் அலங்காரமாக நின்றது. ஒரு கொழுந்துகூடக் கண்ணில் படவில்லை.

எங்களில் ஒருவர் குன்னூரில் தேயிலை வணிகம் செய்பவர். விற்பனையாளர் 'வெள்ளி மொட்டுத் தேயிலை' என்று ஒரு கோப்பையை நீட்டினார். விரியாத மொட்டுகளை உருட்டாமல் வெறுமனே உலர்த்தி எடுப்பது அந்தத் தேயிலை; அதன் சாறு வைக்கோல் நிறத்தில் மெலிதாக இருக்க வேண்டும். கோப்பையில் இருந்ததோ செம்பழுப்பில் கடுஞ்சாயம். நண்பர் அதைச் சுட்டிக்காட்டியதும் விற்பனையாளர் பேச்சை நிறுத்திவிட்டு வேறொரு கூட்டத்திடம் போய்விட்டார். அதற்குள் இன்னொரு நண்பர் இரண்டு டப்பாக்களுக்குப் பணம் கட்டியிருந்தார். இலங்கையிலேயே பொதி செய்த தூய இலங்கைத் தேயிலைக்குத் தேயிலைச் சபை அனுமதிக்கும் சிங்க இலச்சினை அவற்றில் இல்லை, விலையும் அச்சிடப்படவில்லை. சிங்க இலச்சினையுள்ள நல்ல தேயிலை நகரத்துக் கடைகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது.

இடையில் மறுநாளைக்கான நானுஓயா–எல்ல ரயில் முன்பதிவுச் சீட்டுகளைப் பலமடங்கு விலைக்குத் தர முன்வந்தார் ஓட்டுநர். அவற்றில் வேறு யாருடைய அடையாள எண்ணோ இருந்தது. மறுத்துவிட்டோம். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு பயண நாளன்றே நிலையத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

மாலையில், மீதித் தொகையோடு 'கூடுதல் கிலோமீட்டர்' என்று இன்னொரு தொகையும் கேட்டார் மேலாளர். பார்க்காத இரண்டு இடங்களுக்கு என்ன கணக்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912 எண்ணை அழைக்கப் போகிறோம் என்றதும் கூடுதல் தொகை மட்டும் மறைந்தது. சேவைக் கட்டணத்தில் கூடுதலாக வாங்கியது திரும்பவே இல்லை. வெளியே வந்தபோது ஓட்டுநர் தாழ்ந்த குரலில், "எனக்கு நாள் சம்பளம் கிடையாதுண்ணே, கடைக்காரங்க குடுக்கிறதுதான்" என்றார். அதை நம்புகிறேன். பயணியின் பணம் முழுவதையும் மேலாளர் வைத்துக்கொண்டு, கடைகளின் தரகை மட்டும் ஓட்டுநருக்கு விட்டுவிடும்போது, அவர் ஹக்கலைக்கு ஏன் வண்டியைத் திருப்பப் போகிறார்?

ஆகவே, வேன் பேசும்போது புறப்படும் நேரம், பார்க்கும் இடங்கள், எந்தெந்தக் கட்டணங்கள் அடங்கும் என்பவற்றோடு, கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம், அவர் எவ்வளவு இனிய தமிழ் பேசினாலும், முன்பணம் கொடுக்காதீர்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே வண்டி கிளம்ப வேண்டும். நுழைவுச் சீட்டை நீங்களே வரிசையில் நின்று வாங்குங்கள். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது இலங்கையில் குற்றம். அதைப் பற்றிப் புகார் செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண் இருக்கிறது. வண்டி எண், சீட்டின் படம், விலை அச்சிடாத டப்பாக்களின் படம் ஆகியவற்றோடு எழுத்து மூலமாகவும் புகார் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.