விறகு அடுப்பு எரியும் அறையில் சுவர் பெயிண்ட்: எட்டுக் குளிர்கால அனுபவம்

எங்கள் வீட்டுப் பெரிய அறைக்குச் சூடு தருவது ஓர் இரும்பு விறகு அடுப்பு. எட்டுக் குளிர்காலமாக எரிகிறது. அந்த அறைக்கு இதுவரை மூன்று முறை பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் சுவர் சீக்கிரமே கெட்டுப்போனது. மூன்றாவது முறை அடித்து நான்கு குளிர்காலம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. இத்தனைக்கும் பெரிதாக மாறியது பெயிண்ட் இல்லை, தீ மூட்டும் விதம்தான்.

முதல் குளிர்காலம் முடியும்போது கூரை மூலையில் கறுப்பு இழைகள் தொங்கின. ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுத்தேன். வெள்ளைச் சுவரில் கை நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அது சிலந்தி வலையே இல்லை. புகைக்கரித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நூலாகத் தொங்கியவை. அப்புறம்தான் சுவரை உற்றுப் பார்த்தேன். வெளிப்பக்கச் சுவரில் சம இடைவெளியில் சாம்பல் நிறப் பட்டைகள். அவற்றின் மேல் வரிசையாக வட்டப் புள்ளிகள். பட்டை இருந்த இடமெல்லாம் உள்ளே மரச்சட்டம். புள்ளி இருந்த இடமெல்லாம் ஆணித்தலை. சூடான காற்றில் மிதக்கும் துகள் குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும். சட்டமும் ஆணியும் வெளிக்குளிரை உள்ளே கடத்துவதால், சுவரின் எலும்புக்கூடு அப்படியே வெளியே தெரிந்தது.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. ஈரத்துணியால் துடைத்தேன். அடித்திருந்தது பளபளப்பில்லாத மேட் பெயிண்ட். எண்ணெய்ப் பிசுக்குள்ள கரி அதன் நுண்துளைகளில் இறங்கிவிட்டது. சரி, மேலேயே அடித்துவிடலாம் என்று இரண்டு கோட் எமல்ஷன் அடித்தேன். சில வாரத்தில் பழுப்புத் திட்டுகள் மேலே வந்தன. புகையில் உள்ள தார், தண்ணீர் கலந்த பெயிண்ட்டில் ஊறி மேலே ஏறிவிடும். எத்தனை கோட் அடித்தாலும் அதை நிறுத்த முடியாது. கறையைத் தடுக்கும் பிரைமர் வேண்டும். எனக்குப் பலன் தந்தது ஷெல்லாக், அதாவது அரக்கு கலந்த பிரைமர்.

அதற்கு முன்னால் அடுப்பைச் சரிசெய்தாக வேண்டியிருந்தது. என் விறகு வெளியே தொட்டால் உலர்ந்திருந்தது. பிளந்து உள்முகத்தில் ஈரமானியை வைத்தபோது 28 சதவீதம் காட்டியது. 20-க்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டேன். இரண்டு கோடை ஆனது. இன்னொன்று, இரவு முழுக்கத் தாங்கட்டும் என்று காற்றுத் திறப்பை அடைத்து, தீயை நீறு பூத்த நெருப்பாகப் புகைய விடுவேன். அதை விட்டுவிட்டேன். இப்போது சின்னத் தீ, ஆனால் சுள்ளென்று எரியும் தீ. புகை பாதியில் நிற்காமல் எரிந்து தீர்வதால் அடுப்புக் கதவைத் திறக்கும்போது வெளியே வர மிச்சமும் குறைவு.

அடுப்புக் கதவின் ஓரத்தில் இடைவெளியை அடைக்கும் கயிறும் தேய்ந்திருந்தது. ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். விறகு போடும்போது காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு விலக்கி, சில நொடி பொறுத்துப் பிறகு மெதுவாகத் திறக்கிறேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது புகையை அறைக்குள் இழுத்துவிடும். அப்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். சுவருக்கு மட்டும் சொல்லவில்லை. புகை உள்ளே வருகிற வழியில்தான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கான அலாரம் இல்லாமல் விறகு அடுப்பு எரிக்க வேண்டாம். புகைபோக்கியை வருடம் ஒரு முறை சுத்தம் செய்வதும் விடக்கூடாது.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மெதுவாக அள்ளுகிறேன். சாதாரண வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. நுண்சாம்பல் வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பறக்கும், உள்ளே தணல் இருந்தால் தீயே பிடிக்கும்.

மூன்றாவது முறை பெயிண்ட் அடிக்குமுன், கரி துடைப்பதற்கென்றே வரும் ரப்பர் ஸ்பாஞ்ச் வாங்கினேன். தண்ணீர் தொடாமல், தேய்க்காமல், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முகம் கறுத்ததும் திருப்பிக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் கறுத்துவிட்டால் கத்தியால் மேல்தோலைச் சீவினால் உள்ளே புதிது. அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். இதை மட்டும் கீழிருந்து மேலே கழுவ வேண்டும். மேலிருந்து அழுக்கு நீர் காய்ந்த சுவரில் வழிந்தால் அந்தக் கோடு போகவே போகாது. நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, லேசாகப் பளபளக்கும், கழுவக்கூடிய சாட்டின் அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன்.

சாட்டினில் ஒரு குறை உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் பட்டி பார்த்த மேடு பள்ளமெல்லாம் தெரியும். உப்புத்தாள் தேய்ப்பில் சோம்பல் பட முடியாது. எண்ணெய் எனாமலை நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் குறைந்த அறையில் அது தானாகவே மஞ்சளாகும். அழுக்குத் தெரியாமலிருக்க அடர் நிறம் அடிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிர் சுவர் கறுத்தால் அடுப்பில் ஏதோ சரியில்லை என்று அன்றே தெரிந்துவிடும்.

அடுப்புக்கு நேர் மேலே, சூடான காற்று ஏறும் தடத்தில் மட்டும் இன்றும் லேசாகப் படிகிறது. பருவத்துக்கு இரண்டு முறை உலர்ந்த ஸ்பாஞ்சால் இழுத்துவிடுகிறேன். போன வாரம் இழுத்தபோது அந்தத் தடம் முழுக்க ஸ்பாஞ்சின் ஒரு முகமே போதுமாக இருந்தது. அதுவும் வெளிர்சாம்பல் நிறம்தான் ஆகியிருந்தது.