ஓசூரில் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டிய அபார்ட்மென்ட்: குடிவந்த பிறகு என் கருத்து

அரசு கட்டி மாதத் தவணையில் கொடுத்த பிளாக்கில்தான் எங்கள் பழைய வீடு. சீலிங் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்ததை டிவியில் பார்த்த பிறகுதான், இடித்துக் கட்ட மறுத்தவர்களும் பில்டரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எங்களிடம் எல்லோருடைய சம்மதமும் கேட்டார்கள். ஆனால் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதும்.

380 சதுர அடிக்குப் பதில் 620 கிடைத்தது. நான் இட்லி மாவு அரைத்து விற்பவள். கிரைண்டருக்கு 15 ஆம்ப் பிளக்கும், கழுவிய தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டமும் கேட்டேன், செய்து கொடுத்தார்கள். ஒகேனக்கல் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி. வேலையில் குறை சொல்ல முடியாது.

முதல் பிளானில் பழைய ஆட்களுக்கெல்லாம் பின்பக்கத்து பிளாக், அதற்குத் தனி கேட். முன்பக்கம் முழுக்க விற்பனைக்கு. பெண்கள் எல்லோரும் திரண்டு போய், ஒரே கேட், ஒரே லிஃப்ட், வீடு குலுக்கலில்தான் என்று பிடிவாதமாக நின்றோம். அதனால்தான் இன்று என் எதிர் வீட்டில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் தம்பதி இருக்கிறார்கள். "அக்கா, ரெண்டு பாக்கெட் எடுத்து வைங்க" என்று ராத்திரியே மெசேஜ் போட்டுவிடும் அந்தப் பெண். இந்தக் கலப்பு எனக்கு மனசாரப் பிடித்திருக்கிறது.

ஆனால் பழைய பிளாக்கில் வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு வேலை முடியும்வரை மாத வாடகை கொடுத்தார்கள், அவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அது அநியாயம்.

அப்புறம் மெயின்டனன்ஸ். முன்பு மாதம் 200 ரூபாய். இப்போது சதுர அடிக்கு 2.50, அதாவது 1,550 ரூபாய். மேல் மாடியில் பென்ஷனை நம்பி இருக்கும் பாட்டி, வீட்டை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார். வீடு சொந்தமாக இருந்தும் மாதக் கட்டணம் அவரை வெளியே தள்ளுகிறது. ஒப்பந்தம் போடும்போதே, விற்பனை லாபத்தில் ஒரு தொகையை டெபாசிட்டில் போட்டு, அதன் வட்டியில் பழைய வீட்டுக்காரர்களின் கட்டணத்தைக் குறைக்கும்படி எழுதி வாங்குங்கள். பில்டரின் பேச்சை நம்பாதீர்கள், பத்திரத்தில் இருக்க வேண்டும்.

கட்டடத்துக்கு 5க்கு 4. ஒப்பந்தத்துக்கு 2.