இருக்கையின் உயரமும் இடுப்பு பெல்ட்டும்: சில வருட அனுபவம்

என் வீட்டுக்காரருக்குத் தசைச்சிதைவு, அதாவது தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். இடுப்பையும் தோளையும் முதலில் பிடிக்கும் வகை. சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்வார், வீட்டுக்குள் நடப்பார். உட்கார்ந்துவிட்டு எழுவதுதான் பெரும்பாடு. அவரைவிட எனக்கு எடை குறைவு, தூக்கி நிறுத்துவது என்னால் ஆகாது. தருமபுரியில் எங்கள் வீட்டில் சில வருடங்களாகப் புழங்குவதில் எது கைகொடுத்தது, எது மூலைக்குப் போனது என்று எழுதுகிறேன்.

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இருக்கையின் உயரத்தைக் கூட்டியதுதான். சாதாரண நாற்காலி 17, 18 அங்குலம் இருக்கும். இருக்கை தாழத் தாழத் தொடைத் தசைக்கு வேலை கூடும். இடுப்பு முட்டிக்கு மேலே இருந்தால் பாதி எழுந்த மாதிரிதான். கைப்பிடி உள்ள மர நாற்காலிக்கு அடியில் வைக்க, ஆசாரியிடம் சொல்லி 4 அங்குலச் சட்டம் ஒன்று செய்தோம். காலுக்கு ஒரு கட்டை என்று தனித்தனியாக வைக்காதீர்கள், ஒன்று நகர்ந்தாலும் நாற்காலி சாயும். ஒரே சட்டமாக இருக்கட்டும், மூலைக்கு ஒரு குழி, அதில் நாற்காலிக் கால் இறங்கி நிற்க வேண்டும். அடியில் ரப்பர் ஒட்டுங்கள். டைல்ஸ் தரையில் அது தேய்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மெத்தையும் கெட்டியாக வேண்டும். எங்கள் முதல் மெத்தை அமுங்கிப்போய், கூட்டிய உயரத்தில் நல்ல பங்கைத் தின்றுவிட்டது.

இதில் ஒரு தொந்தரவும் உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படாது, தொடையின் அடிப்பக்கம் அழுந்திக் கால் மரத்துவிடும். டிவி பார்க்கும்போது காலுக்கு ஒரு பலகை போடுகிறேன். எழும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

எழுப்பிவிடும் ஸ்பிரிங் குஷனும் வாங்கினோம். பின்பக்கத்தை உயர்த்தித் தருகிறது, உண்மைதான். ஆனால் ஆளை முன்னால் தள்ளுகிறது. முட்டி தாங்காதவருக்கு அந்தத் தள்ளலே ஆபத்து. அது இப்போது பரணில். ஓசூரில் உறவினர் வீட்டில் இருக்கும் மோட்டார் நாற்காலி மெதுவாக, சீராக எழுப்புகிறது, இவருக்கும் பிடித்திருக்கிறது. வாங்குவதானால் கரண்ட் போனால் வேலை செய்யும் பேட்டரி உண்டா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வருபவர்கள் பாசத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வருவார்கள். தோளும் தளர்ந்தவருக்கு அது தோள்மூட்டையே கெடுத்துவிடும். "மாமா, என்னைப் புடிக்க வேணாம், மேசை நகராமப் புடிச்சுக்குங்க" என்பார் இவர். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிவார். ஒரு கை கைப்பிடியில், இன்னொன்று மேசையில். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவது அவர்தான். நான் பக்கவாட்டில் நின்று, அவர் இடுப்பில் கட்டியிருக்கும், கைப்பிடி வைத்த பெல்ட்டின் பிடியைப் பிடித்து, அவர் சாயும் போக்கிலேயே முன்னால் கொண்டுவந்து மேலே விடுவேன். நிமிர்ந்ததும் முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்வார். அந்தச் சில நொடிகள் யாரும் முதுகில் தட்டக் கூடாது, முட்டி மடங்கிவிடும். சாயங்காலம் அசதி கூடும், அப்போது இன்னொரு ஆள் வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்றை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, சுவரை ஒட்டிப் போடச் சொல்வோம். உயரமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழ்நாட்டில் இதற்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உட்கார்ந்து காத்திருக்க நேரலாம், கெட்டி மெத்தையையும் பெல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.